என் கண் நன்றாகத் தெரிகிறது

ஏழுமலை,

இதை எழுதுவது உன் அக்கா அஞ்சலை. சொல்வது நான், உன் அம்மா. வாயில் வருகிறபடி நான் சொல்லிக்கொண்டு போகிறேன். அவள் அதைப் புத்தகத்தில் இருக்கிற தமிழாக மாற்றி எழுதுகிறாள். எதையும் விடக்கூடாது, எதையும் மழுப்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால்தான் உன்னைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய். சட்டை தேய்த்துப் போட்டிருந்தாய், தலை வாரியிருந்தாய், கூசாமல் பொய்யும் சொன்னாய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திருக்கனூரில் உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படி. பாதியில் மூடி வைக்காதே.

வில்லியனூரில் உன் மாமனாராகப் போகிறவர் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை என் கையில் கொடுத்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மரியாதை தெரிந்த மனிதர். வீட்டுக்குப் பெரியவள் நான் என்பதால், உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் கொடுத்தார். "சம்பந்தியம்மா, உங்க பக்கத்துப் பேரெல்லாம் சரியா வந்திருக்குதான்னு ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினாய். "அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல மாமா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்கதான். இப்ப எழுத்து சரியா தெரியறதில்ல. கண்ணாடிய வேற வூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டாங்க." ஒரே மூச்சில் இத்தனை பொய். எனக்கு ஏதடா கண்ணாடி?

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கிளம்பும்போது பெண்ணின் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து, பாத்து, மூணு படி இருக்குது" என்று ஒவ்வொரு படியாக என்னை இறக்கினார். அரையடி வரப்பில் தலையில் நாற்றுக்கட்டோடு ஓடின காலடா இது. இந்த வயதிலும் நடவு வயலின் இந்தத் தலைப்பில் நின்று அந்தத் தலைப்பில் எவள் நாற்றைச் சாய்வாக நட்டிருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு குருடி மாதிரி படி இறங்கினேன். ஏன் இறங்கினேன்? அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தால் உன் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். வீடு வந்து சேருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது விடைத்தாள் கட்டோடு வந்தாய், நினைவிருக்கிறதா? ஒரு பையனின் தாளைப் பார்த்து எரிச்சலோடு தூக்கிப் போட்டாய். இன்னாடா ஆச்சு என்று கேட்டேன். "இவன் அப்பா அம்மா ரெண்டு பேரும் கைநாட்டும்மா. வூட்டுல எழுத்து தெரிஞ்ச ஆளே இல்ல. இதுங்களுக்கு எங்க வரும்? வராதுன்னா வராதுதான்" என்றாய். யாரிடம் சொல்கிறோம் என்று உனக்கு உறைக்கவே இல்லை. நான் அப்போது கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சலிப்பதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தேன். நீ அடுத்த தாளை எடுத்துவிட்டாய். தன்னை யார் பெற்றது என்பதையே மறந்துபோன வாத்தியார் ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

நீ மறந்ததால் நான் சொல்கிறேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனது நான். உன் அப்பா மஞ்சள் காமாலையில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடம் அப்போது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். பிறந்த தேதி என்ன என்று கேட்டார். கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் பிறந்தான் என்றேன். பிறப்பை மேரியில் எழுதி வைத்தீர்களா என்றார். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டாலும் கம்யூன் பஞ்சாயத்து ஆபீசை அவர் வயதுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்றேன். அவராகவே ஒரு தேதியைப் போட்டார். நீ இன்றைக்கும் எழுதுகிற பிறந்த தேதி அதுதான். அப்புறம் மையை நீட்டினார். நான் கட்டைவிரலை வைத்தேன். அவர் அந்த ரேகையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "வூட்டுல சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. நாலு நாளு வருவான். அப்புறம் மாடு மேய்க்கப் போயிடுவான். எனக்கு ரிஜிஸ்டர்ல பேர அடிக்கிற வேலதான் மிச்சம்" என்றார். நான் சொன்னேன்: "நாளைக்கு வருவான் சார். நாளன்னிக்கும் வருவான். நீங்க லீவு போட்டாக்கூட வந்து இங்கயே உக்காந்திருப்பான்." வாத்தியார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உனக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாதுதான். ஆனால் கேட்கத் தெரியும். நடவிலிருந்து வந்து கால் சேறு கழுவி, அடுப்பு மூட்டி, உன்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பேன். "படி" என்பேன். சத்தமாகப் படிக்க வேண்டும், வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாது. தெரிந்து படிக்கிறவன் குரல் ஒரு மாதிரி போகும், தெரியாமல் தடவுகிறவன் குரல் வேறு மாதிரி போகும். அது எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும். "அங்க நின்ன பாரு, அத மறுபடியும் படி" என்பேன். நீ முறைப்பாய். உனக்கு அந்த எழுத்து தெரிந்திருக்காது. உன் அக்கா எட்டிப் பார்த்துச் சொல்வாள். என் பங்குக்கு நான் நகரமாட்டேன். உலை கொதித்து வழிந்தாலும் நீ முடிக்கும் வரை நகரமாட்டேன்.

நாலாம் வகுப்பில் நீ என்னை ஏமாற்றப் பார்த்தாய். மழைத்துளி மலையில் விழுந்து, ஓடையாகி, ஏரிக்கு வந்து, மதகு வழியாக வயலுக்குப் போகிற பாடம் ஒன்று. அது உனக்கு நன்றாக வந்துவிட்டது. மூன்றாம் நாளும் அதையே படித்தாய், நாலாம் நாளும் அதையே படித்தாய். புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை வேறு ஓட்டிக்கொண்டு படித்தாய். அம்மாவுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதானே என்று நினைத்தாய். நான் அகப்பையைக் கீழே வைத்தேன். மழைத்துளி மலையில் விழுந்ததிலிருந்து வயலுக்குப் போகிற வரை, ஒரு சொல் தப்பாமல், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். "இது போன வாரத்துப் பாடம்டா. எனக்கே வந்துடுச்சி. புதுசு இன்னா நடத்துனாரு?" என்றேன். உன் வாய் பிளந்தது. எனக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நாள் முழுவதும் நடவுப் பாட்டை ஒருத்தி பாட, திரும்பச் சொல்கிறவள் நான். ஒருமுறை காதில் விழுந்தால் போதும். என் தலையில் இருந்ததெல்லாம் களிமண் என்று நீ நினைத்திருந்தாய். எனக்கு இல்லாமல் போனது பள்ளிக்கூடம்தான், புத்தி இல்லை. இந்த வரியை உன் அக்காவை இரண்டு முறை எழுதச் சொன்னேன். ஒரு முறை போதும் என்கிறாள். சரி.

ஆகவே, வீட்டில் எழுத்து தெரிந்த ஆள் இல்லையென்றால் பிள்ளைக்கு வராது என்று நீயோ, உன் மாமனாரோ, உங்களுக்குப் பாடம் நடத்தின பெரிய பெரிய ஆட்களோ சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரும். உனக்கு வந்தது. ஆனால் கஷ்டமில்லாமல் வரும் என்று சொல்லவும் மாட்டேன். படித்த வீட்டுப் பிள்ளை ஓர் இடத்தில் தடுக்கி விழுந்தால் வீட்டில் யாராவது தூக்கி விடுவார்கள். நம் வீட்டில் விழுந்தால் நீயே எழுந்திருக்க வேண்டும். அந்தக் குறை எனக்குத் தெரியும். உன்னைவிட நன்றாகத் தெரியும். ஏனென்றால் என்னால் உனக்கு ஒரு வருஷம் போனது. அது எப்படிப் போனது என்று உனக்கு இதுவரை நான் உண்மையைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பாகூர்ப் பள்ளியில் படிப்பை முடித்து நல்ல மார்க் வாங்கியிருந்தாய். புதுச்சேரியில் கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டு, சும்மா இருக்க வேண்டாமென்று கரையாம்புத்தூரில் உன் மாமாவோடு கரும்பு வெட்டப் போனாய். அஞ்சலை கல்யாணமாகி அவள் வீட்டில் இருந்தாள். வீட்டில் நான் மட்டும். கடிதம் வந்தது. வீட்டில் யாரும் இல்லாதபோது போஸ்ட்மேன் வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார், நான் பார்த்து எடுத்து வைத்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அவர் என் கையில்தான் கொடுத்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா, உம் புள்ள கவர்னராவப் போறானா? காலேஜுலேர்ந்து வந்திருக்குது. பிரிச்சிப் படிச்சிச் சொல்லட்டா?" என்று கேட்டார். அந்த மனிதர் அதற்கு முன்னால் ஒரு தடவை என் தம்பியின் கடிதத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்து, எங்கள் குடும்பச் சண்டையை ஊர்ச் சிரிப்பாக்கியவர். எனக்கு வீம்பு வந்தது. "வேணாம். எனக்கே படிக்கத் தெரியும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார். நான் கடிதத்தை உன் அப்பா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

பன்னிரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. தினம் விளக்கு வைக்கும்போது பார்ப்பேன். நல்ல செய்தியாகத்தான் இருக்கும், அவனே வந்து பிரிக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் எட்டாவது படிக்கிற பையன்கள் இருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் போஸ்ட்மேனிடம் சொன்னது பொய் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கூப்பிடவில்லை. நீ வந்தாய், கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கீறல். பிரித்துப் படித்தாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். நேரில் வரச் சொன்ன நாள் போய் நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஓடினாய். இடமெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து "பரவால்லம்மா, நீ இன்னா பண்ணுவ, உனக்குப் படிக்கத் தெரியாது" என்றாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு வருஷம் முழுக்க நீ கரும்பு வெட்டினாய். கூடப் படித்த பையன்கள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாய். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாததால் அந்த வருஷம் போகவில்லை, ஏழுமலை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டதால் போனது. சிரிக்கட்டும், ஆனால் படித்துச் சொல்லு என்று அந்த ஆளிடம் நான் சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய். நீ வில்லியனூரில் சொன்ன பொய்யை உனக்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். அதன் கூலியை நீ கொடுத்தாய். அதனால்தான் இந்தத் தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்குக் கண் சரியில்லை என்பாய். நாளைக்கு உன் பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வரும்போது அதற்கும் ஒரு பொய் சொல்வாய். உன் வீட்டில் நான் ஆயுசுக்கும் குருடியாக நடிக்க வேண்டும். அது என்னால் முடியாது.

அதனால் போன வியாழக்கிழமை நானும் அஞ்சலையும் வில்லியனூருக்குப் போனோம். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் நீ விடமாட்டாய். அவர்கள் வீட்டு மூன்று படியையும் நானே ஏறினேன். பெண்ணின் அம்மா கை கொடுக்க வந்தார். "வேணாம்மா, எனக்குக் கண்ணு நல்லா தெரியும்" என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "எம் பையன் உங்ககிட்ட சொன்னது பொய். எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. எழுத்துதான் தெரியாது. ஒன்னாவதுகூடப் படிக்கல. நான் கூலி வேல செஞ்சவ. கைநாட்டுதான் வெப்பேன். இத மறைச்சி என்னால சம்பந்தம் பண்ண முடியாது. நீங்க வேணான்னு சொன்னா அதுக்கும் தயாராத்தான் வந்திருக்கேன்."

பெண்ணின் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அன்னிக்கி உங்க கையப் புடிச்சி எறக்கினேனே, அப்பக்கூட நீங்க ஒன்னும் சொல்லலியே" என்றார். அது நியாயமான கோபம். "தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க" என்றேன். உன் மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு, "அப்ப பையனுக்கு வூட்டுல யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். நான் அஞ்சலையைக் காட்டினேன். "நீ என்னம்மா படிச்சிருக்க?" "எட்டாவதுங்க." "நல்லாப் படிப்பியா?" "வகுப்புல நான்தாங்க முதல்." "அப்புறம் ஏன் நிறுத்திட்ட?" அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது எங்க வூட்டு விஷயம் சார்" என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் உன் அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இத எழுதணுமா?" என்கிறாள். எழுது என்றேன். எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது என்னைப் பார்த்துக் கேட்கிறாள்: "அந்த சார் கேட்டாரே, அதையே நான் கேக்கறேன். ஏம்மா நிறுத்தின?" இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவள் கேட்கிறாள். வயசுக்கு வந்த பெண்ணை ஏரிக்கரை வழியாகத் தனியாகப் பாகூர் வரை அனுப்பப் பயம் என்று ஊரிடம் சொன்னேன். அவளிடமும் அதையே சொன்னேன். அது பாதி உண்மை. நடவுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் அடியில் இருந்தது வேறு. வீட்டுக்கு ஒருத்தன் படித்தால் போதும் என்று நினைத்தேன். அந்த ஒருத்தன் நீ என்று முடிவு பண்ணினேன். உன்னைவிட நன்றாகப் படித்தவள் அவள். அது எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். அவள் அழவில்லை. தன் நோட்டுகளில் மீதி இருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்துத் தைத்து உனக்கு ஒரு நோட்டாக்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் என்னோடு வயலுக்கு வந்தாள். ஆறாவதிலிருந்து உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, நடவிலிருந்து வந்த அந்தக் கை.

படிக்காத தாய் ஒருத்தி ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தாள், ஒரு பிள்ளையை நிறுத்தினாள். இரண்டையும் செய்தது நான்தான். உன்னை மட்டும் காட்டிப் பெருமை பேசிவிட்டு இவளை விட்டுவிட்டால் நானும் பொய்க்காரிதான். அஞ்சலையிடம் நேராகவே சொன்னேன்: "தப்பு பண்ணிட்டன்டி. உம் படிப்ப எடுத்து அவனுக்குக் குடுத்துட்டேன். திருப்பித் தர என்கிட்ட ஒன்னுமில்ல." அதற்கு அவள், "எம் பொண்ணு இப்ப ஏழாவது. எட்டாவதோட நிறுத்தணும்னு யாராவது வாயத் தொறக்கட்டும், அப்ப இருக்குது" என்றாள். பேனாவை எடுத்துவிட்டாள். எழுதுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் வகுப்பில் அந்தப் பையனின் அம்மா என்றைக்காவது உன்னைத் தேடி வருவாள். வாசலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல். பையனுக்கு வராது என்று அவளிடம் சொல்லாதே. தினம் சாயங்காலம் அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள், தடுமாறுகிற இடத்தை மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள் என்று சொல். அவளால் அது முடியும். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் எதுவும் கொடுத்தனுப்பினால் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு. அவளுக்கும் வீம்பு இருக்கும். அந்த வீம்பால் அவள் பிள்ளைக்கு ஒரு வருஷம் போகக்கூடாது. வாத்தியார் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். எனக்கு வேறு தெரியாது.

வில்லியனூரில் அப்புறம் என்ன நடந்தது என்று நீ இப்போது தவித்துக்கொண்டிருப்பாய். சொல்கிறேன். உன் மாமனார் கடைசியில் வாயைத் திறந்தார். "படிக்காதது எனக்குப் பெருசில்லம்மா. அப்படிச் சொன்னா முழு உண்மையும் இல்ல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் யோசிச்சிருப்பேன். இப்ப நீங்க வந்து நின்னு சொல்றீங்க பாருங்க, அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல. ஆனா உங்க பையன்மேல எனக்குக் கோவம் இருக்குது. மறைக்க மாட்டேன்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. காபி கொடுத்தார்கள். அப்போது உட்கார்ந்தேன். பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது போடணுமா என்று கேட்டார். "எம் பேரு போதும். அதோட அஞ்சலை பேரையும் போடுங்க, கீழ எங்கியோ இல்ல, எம் பேருக்குப் பக்கத்துல" என்றேன். எழுதிக்கொண்டார்.

கல்யாணப் பெண் சுகுணா அதுவரை உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் கிளம்பியதும் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். பஸ் வந்து நின்ற பிறகுதான் பேசினாள். "அத்த, நீங்க வந்து சொன்னீங்க. அது உங்க மனசு. ஆனா அவரு தப்புக்கு நீங்க ஏன் நிக்கணும்? பொய் சொன்னது அவரு. பெத்த அம்மாவ இன்னான்னு சொல்ல வெக்கப்படறவரு, நாளைக்கு என்னைய இன்னான்னு சொல்லுவாரோ? அத எனக்கு அவரே வந்து சொல்லணும். வந்தா கல்யாணம். வரலன்னா அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

நான் அவளுக்கு உன் சார்பில் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சின்ன வயதில் நீ தடுமாறின இடத்தில் மறுபடியும் படி என்று சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது இருக்க மாட்டேன். என்னை அழைத்துப் போக வேண்டும் என்று இங்கே வந்து நிற்காதே, அக்காவையும் துணைக்குக் கூப்பிடாதே. பெற்றவள் கோபப்பட்டாள் என்பதற்காகப் போகிறவனாக இருந்தாலும் போக வேண்டாம். அந்தப் பெண் அதையும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டில் இருப்பாளாம். திருக்கனூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். போய், நேராக அவளிடம் பேசு. என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், அதை நான் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிச் சொல்.

அம்மா